பழைய உளவாளிப் படத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றைப் போட்டால் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் அந்தச் சிரிப்பில் இரண்டு சரக்கு கலந்திருக்கும். ஒன்று, எடுத்தவர்களே கண்ணடித்துக்கொண்டு செய்த கோமாளித்தனம். மிகையாகச் செய்து, அந்த மிகையையே ரசிக்க வைப்பது. ‘கேம்ப்’ என்று சொல்வது இதைத்தான். இன்னொன்று, அவர்கள் படு சீரியஸாக எடுத்து, பார்க்கிற நமக்கு மட்டும் சிரிப்பாகிப்போன அசட்டுத்தனம்.

இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘லாஜிக்கே இல்லை, செம காமெடி’ என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதினால் நல்ல ஜோக்குகளுக்குப் பிழை என்று பெயர் கிடைக்கும். உண்மையான பிழைகளுக்குப் பாராட்டு கிடைக்கும். நண்பர்களோடு உட்கார்ந்து இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சண்டை போட்டு, எனக்குப் பிடிபட்ட வரிசை இது. வரிசையை மாற்றினால் எது கெடும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

இரண்டு மாலைகள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இந்தப் படங்கள் சாதாரணமாக இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஓடும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

பின்னோக்கி ஓட்டவும் நிறுத்தவும் வசதியுள்ள பிரதி. ஓடும் நேரம் திரையில் தெரிய வேண்டும்.

மூல ஒலி, கூடவே வசன எழுத்து. டப்பிங்கில் பார்த்தால் பாதிச் சிரிப்பு டப்பிங் வசனம் எழுதியவருடையது. அவர் சொந்தமாகச் சேர்த்த நக்கலைப் படத்தின் கணக்கில் எழுதிவிட்டு, பிறகு மூலத்தில் தேடித் தேடி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டு. பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: நேரம், நடந்தது, சிரித்தேனா, யார் செய்த சிரிப்பு. நான்காவது கட்டத்தை இப்போதைக்குத் தொடவே கூடாது.

1. படத்தைத் தேர்ந்தெடுப்பது

பகடி என்றே எடுக்கப்பட்ட படத்தை எடுக்காதீர்கள். 1967-இல் வந்த ‘கேசினோ ராயல்’ உளவாளிப் படங்களைக் கிண்டல் செய்யவே எடுத்தது. அதில் பிரித்துப் பார்க்க எதுவுமில்லை, எல்லாமே ஜோக். அதே போல, முழுக்க இறுக்கமான, இருண்ட உளவுக் கதையும் வேண்டாம், சிரிப்பு கிடைக்காது.

நமக்கு வேண்டியது நடுவில் ஆடுகிற படம். உலகம் அழியப்போகிறது என்றும் சொல்ல வேண்டும், நடுவே புறாவை வைத்து வேடிக்கையும் காட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு என் பரிந்துரை ‘மூன்ரேக்கர்’ (1979). லூயிஸ் கில்பர்ட் இயக்கம், ரோஜர் மூர் பாண்ட், 126 நிமிடம். இரண்டு வகைச் சிரிப்பும் தாராளமாக இருப்பதால் கை பழக நல்லது.

2. முதல் முறை: நோட்டை மூடி வைத்துவிட்டுப் பாருங்கள்

பலரும் முதல் நிமிடத்திலேயே பேனாவை எடுத்துவிடுகிறார்கள். குறை தேடும் கண்ணோடு உட்கார்ந்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும். எந்த இடத்தில் உங்களுக்குத் தானாகச் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் கதை உண்மையாகவே இழுத்தது என்ற வித்தியாசம் போய்விடும்.

இழுத்த இடங்கள் முக்கியம். ‘மூன்ரேக்கர்’ தொடக்கத்தில் பாண்டைப் பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். அந்த வான்சண்டையை ஸ்டன்ட் வீரர்கள் உண்மையாகவே குதித்துக் குதித்து எடுத்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும். அடுத்த சில நொடிகளில் இரும்புப் பல் வில்லன் ஜாஸ், பாராசூட் திறக்காமல், சர்க்கஸ் கூடாரத்தின் மேல் விழுவான். முன்னதில் மூச்சு நின்றால்தான் பின்னதில் படம் எவ்வளவு வேண்டுமென்றே தடம் மாறுகிறது என்று தெரியும். நோட்டில் தலையைக் கவிழ்த்திருந்தவருக்கு இரண்டும் ‘நம்ப முடியாத காட்சி’ என்ற ஒரே வரியாகிவிடும்.

இன்னொன்று: கூட்டமாகப் பார்த்தால் முதல் முறை யாரும் கமென்ட் அடிக்கக் கூடாது. ஒருவர் முந்திக்கொண்டு சிரித்தால் மற்றவர்கள் அவரோடு சேர்ந்துதான் சிரிப்பார்கள், படத்தோடு அல்ல.

3. இரண்டாம் முறை: நேரத்தோடு குறிப்பு, தீர்ப்பு இல்லாமல்

இப்போது நோட்டைத் திறக்கலாம். சிரிப்பு வந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, நேரத்தையும் திரையில் நடந்ததையும் மட்டும் எழுதுங்கள். ‘முட்டாள்தனம்’, ‘சூப்பர்’ மாதிரிச் சொற்கள் கூடாது. ‘வில்லன் முட்டாள்தனமாகப் பேசுகிறான்’ என்று எழுதினால் நாளைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘கொல்லப்போகிறவர்களிடமே திட்டத்தை விளக்குகிறான்’ என்றால் அது வேலைக்கு ஆகும்.

நினைவிலிருந்து எழுதவே கூடாது. இதற்கு இந்தப் படத்திலேயே பிரபலமான உதாரணம் இருக்கிறது. ஜாஸ் ஒரு குட்டையான, கண்ணாடி போட்ட பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பான், பெயர் டாலி. அவள் சிரிக்கும்போது பல்லில் கம்பி போட்டிருந்தாள், அதனால்தான் இரண்டு இரும்புப் பற்களும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று சத்தியம் செய்கிறவர்கள் உலகெங்கும் உண்டு. நிறுத்திப் பாருங்கள். கம்பி கிடையாது. ஜோக்குக்கு அது அவ்வளவு பொருத்தம் என்பதால் மூளையே போட்டுவிட்ட கம்பி. நான்கூட ஒருமுறை அதை எழுதிவிட்டுத்தான் சரிபார்த்தேன்.

4. முதல் சல்லடை: படம் நம் சிரிப்புக்காக நிற்கிறதா?

இதுதான் மொத்த வேலையின் மையம். நான்காவது கட்டத்தை நிரப்பத் தொடங்குங்கள். புதியவர்கள் இங்கே கேட்கும் கேள்வி ‘இது எவ்வளவு அபத்தம்?’ என்பது. அந்தக் கேள்வி உதவாது. மிகப் பெரிய அபத்தத்தையும் தெரிந்தே செய்யலாம். மிகச் சிறிய அபத்தமும் தெரியாமல் வரலாம். கேட்க வேண்டியது, எடுத்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்புக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்பதுதான். அதற்கான சாட்சி மூன்று இடங்களில் கிடைக்கும்.

முதலில் முகம். அபத்தம் நடந்தவுடன் கேமரா யாருடைய முகத்துக்காவது போகிறதா? வெனிஸ் நகரில் பாண்டின் படகு தரையில் ஏறி, புனித மார்க் சதுக்கத்தில் கார் மாதிரி ஓடும். ஒருவர் கையில் இருக்கும் பாட்டிலையும் படகையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு புறா தலையைத் திருப்பி, நம்பாமல் மறுபடி திருப்பிப் பார்க்கும். புறாவுக்கு நடிக்கத் தெரியாது. ஒரே துண்டு ஃபிலிமை முன்னும் பின்னும் ஓட்டி அதைச் செய்தார்கள். எடிட்டிங் மேசையில் ஒருவர் பொறுமையாக உட்காராமல் அது வராது. தெரிந்தே செய்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பாட்டில்காரர் வேறு இரண்டு படங்களிலும் இதே வேலையைச் செய்கிறார்: ‘தி ஸ்பை ஹூ லவ்டு மி’ (1977), ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ (1981). ஒரே ஆள் மூன்று படத்தில் மதுவை முறைத்துப் பார்ப்பது தற்செயல் அல்ல. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அதனால் சந்தேகம் வந்தால் முந்தைய, பிந்தைய படங்களையும் புரட்டுங்கள்.

அடுத்தது ஓசை. எனக்குப் பிடித்த பாடம் ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ (1974). உடைந்த பாலத்தின் மேல் ஒரு கார் பாய்ந்து, காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுழன்று, மறுகரையில் சக்கரம் ஊன்றி நிற்கும். கணினியில் கணக்குப் போட்டு, ஒரே டேக்கில் எடுத்த அசல் ஸ்டன்ட். அதன் மேல் சர்க்கஸ் கோமாளி வரும்போது ஊதுகிற விசில் மாதிரி ஒரு இழுப்புச் சத்தத்தைப் போட்டுவிட்டார்கள். இதைப் பார்த்தவர்கள் பலரும் ‘அபத்தமான கார் காட்சி’ என்று எழுதுகிறார்கள். கார் என்ன பாவம் செய்தது? கேலி முழுக்க விசிலில் இருக்கிறது.

ஆகவே ஒரு சோதனை: சந்தேகம் உள்ள காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிரிப்பு மறைந்துபோனால் அது ரீரெக்கார்டிங்கில் சேர்த்த ஜோக். ‘எ வியூ டு எ கில்’ (1985) படத்தில் பனிச்சறுக்குத் துரத்தலுக்கு நடுவே கடற்கரைப் பாட்டு ஒன்று வரும். அங்கேயும் இதே சோதனை வேலை செய்யும்.

மூன்றாவது காத்திருப்பு. ஒருவனைக் கொன்றவுடன் பாண்ட் ஒரு சிலேடை சொல்வார். அதன் பிறகு ஓரிரு நொடி எதுவும் நடக்காது. அந்த வெற்றிடம் தியேட்டர் சிரிப்புக்காக விட்டது. சிலேடை நன்றாக இல்லை என்பது வேறு விஷயம். சிரிப்பு வராத ஜோக்கும் தெரிந்தே செய்த ஜோக்தான். ‘எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால் இது பிழை’ என்று மாற்றி எழுதாதீர்கள்.

5. இரண்டாம் சல்லடை: வெளியே இருந்து வரும் ஜோக்

சில இடங்களில் முகமும் இருக்கும், ஓசையும் இருக்கும், ஆனால் எதற்கென்று புரியாது. அப்போது படத்துக்கு வெளியே தேட வேண்டும். ‘டாக்டர் நோ’ (1962) படத்தில் வில்லனின் மாளிகையில் ஒரு ஓவியத்தைப் பாண்ட் நின்று திரும்பிப் பார்ப்பார். அது கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் உருவப்படம். 1961-இல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலிருந்து களவுபோனது. படம் வந்தபோது கிடைத்திருக்கவில்லை. அன்றைய பார்வையாளர் குபீரென்று சிரித்திருப்பார். இன்று பார்ப்பவருக்கு ‘ஏன் சும்மா நிற்கிறார்?’ என்று தோன்றும்.

‘ஆக்டோபசி’ (1983) இதே வகை. உதய்ப்பூரில் ஆட்டோவில் துரத்தல். கூட இருக்கும் விஜய், டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவார். கூட்டம் தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். நடித்தவர் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் என்று நமக்குத் தெரியும், எனவே உடனே பிடிபடும். தெரியாத ஒருவருக்கு அது வெறும் விசித்திரம்.

இந்தப் படியை நான்காவதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். முதலிலேயே தகவல் தேடப் போனால், படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் துணுக்குச் செய்தி சேகரிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

6. தெரியாமல் வந்தவை: எங்கே கிடைக்கும்?

முகமும் ஓசையும் காத்திருப்பும் இல்லை, வெளித் தகவலும் இல்லை, ஆனாலும் சிரித்தோம் என்றால் அது இந்தக் கட்டம். சில இடங்களில் வழக்கமாக அகப்படும்.

கன்டின்யூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்ச்சி. ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ (1971) படத்தில் ஒரு கார் குறுகிய சந்துக்குள் வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து நுழையும், வெளியே வரும்போது இடப்பக்கச் சக்கரங்களில் நிற்கும். சமாளிக்க நடுவில் காருக்குள் ஒரு ஷாட்டைச் செருகியிருக்கிறார்கள். ஆட்கள் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வார்கள். பிழையைவிட அந்தச் சமாளிப்புதான் எனக்குக் கூடுதல் சிரிப்பு.

தந்திரக் காட்சி. ‘தண்டர்பால்’ (1965) கடைசிப் படகுச் சண்டையில் வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். பின்னால் திரையில் ஓடும் கடல் பைத்தியம் பிடித்தது மாதிரி பறக்கும். பதற்றம் வரவேண்டிய இடத்தில் ஊமைப்படம் வருகிறது.

டூப். ‘எ வியூ டு எ கில்’ வெளியானபோது மூருக்கு 57 வயது. ஓடுவதும் தாவுவதும் யார் என்று முதுகைப் பார்த்தாலே தெரியும்.

வில்லனின் திட்டம். ‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) வில்லன் மேசை சுழல, தரை திறக்க, பெரிய மாதிரி வடிவத்தை எழுப்பி, ரவுடித் தலைவர்களுக்குக் கொள்ளைத் திட்டத்தை விளக்குவான். அப்புறம் ஒருவனைத் தவிர அத்தனை பேரையும் விஷவாயு வைத்துக் கொல்வான். கொல்வதற்கு எதற்கய்யா விளக்கம்? விளக்கம் நமக்கு. கதை நமக்குத் தெரிய வேண்டும், அதற்கு அவர்கள் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஒருவன் மட்டும் தன் பங்குத் தங்கத்தோடு கிளம்புவான். அவனைத் தங்கத்தோடும் காரோடும் சேர்த்து நசுக்கிவிட்டு, பிறகு தங்கத்தைத் தனியே பிரிக்க வேண்டியிருக்கும். படம் இதில் முதல் பகுதியைத் துளி சிரிப்பில்லாமல் நடத்துகிறது.

இந்தக் கட்டத்தில் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். அறிவியல் பிழைகளை இன்றைய அறிவை வைத்து மட்டும் அடிக்காதீர்கள். ‘மூன்ரேக்கர்’ தொடக்கத்தில் விமானத்தின் முதுகில் ஏற்றிச் செல்லும் ‘ஸ்பேஸ் ஷட்டில்’ விண்கலம், அங்கிருந்தே எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிடும். அசல் விண்கலத்தின் முக்கிய எஞ்சின்களுக்கு எரிபொருள் வெளியே மாட்டும் பெரிய தொட்டியிலிருந்து வர வேண்டும். முதுகில் ஏற்றும்போது தொட்டியே இருக்காது. பிழைதான். ஆனால் முதல் ஷட்டில் விண்வெளிக்குப் போனது 1981 ஏப்ரலில். படம் வந்தது அதற்கு இரண்டு வருடம் முன்பு. பார்வையாளர் எவரும் ஒரு ஷட்டில் ஏவுதலைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அன்று வியப்பு, இன்று சிரிப்பு என்று இரண்டையும் குறித்து வையுங்கள்.

ஒரே ஷாட்டில் இரண்டு வகையும் கலந்து வருவதும் உண்டு. ‘கோல்ட்ஃபிங்கர்’ இறுதியில் அணுகுண்டின் கடிகாரம் 007 என்று நிற்கும். அது தெரிந்தே வைத்த குறும்பு. உடனே பாண்ட், இன்னும் மூன்று நொடி போயிருந்தால் ஆபத்து என்கிற பொருளில் பேசுவார். எண்ணை மாற்றியவர்கள் வசனத்தை மாற்றவில்லை. கடிகாரத்துக்கு ஒரு வரி, வசனத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதுங்கள்.

‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967) பூனையை விடக் கூடாது. வில்லன் ப்ளோஃபெல்ட் மடியில் வெள்ளைப் பூனையைத் தடவிக்கொண்டு உலகை மிரட்டுவார். வெடிகள் வெடிக்கத் தொடங்கியதும் பூனை மிரண்டு, திமிறிக்கொண்டு ஓடப் பார்க்கும். அவரோ முகத்தில் சலனமில்லாமல் பிடித்து அமுக்கிக்கொண்டிருப்பார். அந்த அரங்கில் நடிக்காத ஒரே ஜீவன் அதுதான்.

7. இரண்டிலும் அடங்காதவை

இங்கே வந்ததும் நோட்டில் சில வரிகள் அனாதையாக நிற்கும். அவற்றை வலிந்து ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டாம். மூன்றாவதாக ஒரு கூடை போடுங்கள்.

‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் கென் ஆடம் வடிவமைத்த எரிமலைக் குகை இதற்கு உதாரணம். சுமார் 10 லட்சம் டாலர் செலவில் பைன்வுட் ஸ்டுடியோவில் கட்டினார்கள். உள்ளே ரயில் ஓடும், ஹெலிகாப்டர் இறங்கும். யாரும் கண்ணடிக்கவில்லை. பிழையும் இல்லை. அசாத்தியமான கைவேலை, அளவு மீறிப்போய், சிரிப்பும் பிரமிப்பும் ஒன்றாக வருகிறது. ‘கேம்ப்’ என்ற சொல் மிகச் சரியாகப் பொருந்துவது இந்த மாதிரி இடத்தில்தான் என்பது என் கருத்து.

‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் பூமியில் போட்ட நிலா செட்டில் பயிற்சி செய்யும் விண்வெளி வீரர்கள், தப்பி ஓடும் பாண்டைப் பிடிக்க மெதுவாக மிதந்து மிதந்து வருவார்கள். ஈர்ப்பு விசை முழுசாக இருக்கும் அறையில்! ஜோக்கா, பழக்க தோஷமா? எத்தனை முறை பார்த்தாலும் எங்கள் குழுவில் ஓட்டு சரிபாதியாகத்தான் விழுகிறது.

அப்புறம் ஜாஸின் காதல். டாலியைச் சந்திக்கும்போது சைகோவ்ஸ்கியின் ரோமியோ ஜூலியட் இசை பொங்கும். ஓசைச் சோதனையில் அது ஐயமில்லாமல் தெரிந்த ஜோக். அதோடு மூடிவிடாதீர்கள். வில்லன் ட்ராக்ஸின் திட்டம், குறையில்லாத உடல் கொண்டவர்களை மட்டும் வாழவிட்டு மற்றவர்களை அழிப்பது. அதை ஜாஸ் காதில் விழும்படி பாண்ட் ட்ராக்ஸ் வாயாலேயே சொல்ல வைப்பார். ஜாஸ் டாலியைப் பார்ப்பான். அங்கே ஒரு நொடி யாருக்கும் சிரிப்பு வராது, கதையே திரும்பிவிடும். கோமாளித்தனமாகத் தொடங்கிய ஒன்று பாரம் சுமக்கிறது. இப்படிப்பட்ட வரிக்கு இரண்டு நேரக்குறிப்பு போடுங்கள்: ஜோக்காக இருந்த நேரம், ஜோக்காக இல்லாமல் போன நேரம்.

8. காலம் கெடுத்தவற்றைத் தனியே வையுங்கள்

ஷான் கானரிக்கு விக் வைத்து, கண்ணிமையை மாற்றி, ஜப்பானிய மீனவன் என்று சொல்வது ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் கூனிக் குறுகி நடப்பார். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இதை ‘தெரியாமல் வந்த அசட்டுத்தனம்’ கட்டத்தில் போட்டால், ஒரு நாட்டு மக்களின் முகத்தை வேஷமாகக் கருதிய பார்வையைச் சின்னக் கவனக்குறைவு ஆக்கிவிடுகிறோம். கார் மாறிச் சாய்வதும் இதுவும் ஒன்றல்ல.

‘ஆக்டோபசி’யில் சூதாட்டத்தில் ஜெயித்த ரூபாய்க் கட்டை இந்தியச் சகாவிடம் கொடுத்து, சில வாரக் கறிக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்று பாண்ட் சொல்வதும் இந்தப் பக்கம்தான். தெரிந்தே செய்த ஜோக், காத்திருப்பும் உண்டு. நான்காம் படியில் பாஸ் ஆகிவிடும். அதனால்தான் இந்தச் சல்லடை தனியாகத் தேவைப்படுகிறது. டென்னிஸ் மட்டை ஜோக் அமிர்தராஜோடு சேர்ந்து சிரிக்கிறது, இது அவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறது. பெண் பாத்திரங்களுக்கு வைத்த இரட்டை அர்த்தப் பெயர்களையும் இங்கேயே எழுதுங்கள்.

இந்தப் படியை முதலில் வைத்தால், கோபத்தில் மற்ற எதுவும் கண்ணில் படாது. செய்யாமல் விட்டால், எழுதியதைப் படிக்கிறவர் உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லையா என்று கேட்பார். கடைசியில் வைப்பது இதனால்தான்.

9. எழுதுவதும் காட்டுவதும்

எழுதும்போது ஒவ்வொரு தீர்ப்புக்கும் சாட்சியை ஒட்டுங்கள். ‘இது வேண்டுமென்றே செய்தது’ என்று மட்டும் எழுதினால் நம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ‘படகு போனதும் புறாவுக்கு வெட்டுகிறார்கள்’ என்றால் வாதம் முடிந்தது.

நண்பர்களுக்குத் துண்டு துண்டாகக் காட்டுவதானால், சிரிப்பு வரும் இடத்துக்கு அரை நிமிடம் முன்பிருந்து ஓட்டுங்கள். நேராக அந்த இடத்தில் தொடங்கினால் சீரியஸ் எது, சறுக்கல் எது என்று தெரியாது. ‘இப்போது பார், செமையா இருக்கும்’ என்று முன்னறிவிப்பு கொடுக்கவே கொடுக்காதீர்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். புறாவை முதலில் காட்டுங்கள், பூனையைப் பிறகு. ஒரு முறை மாற்றிக் காட்டினேன். புறாவும் பிழை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது கட்டத்தில் கேள்விக்குறியோடு சில வரிகள் மிஞ்சினால் அப்படியே விடலாம். என் நோட்டில் ஒன்று இருக்கிறது. ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் டோக்கியோ சாலையில் துரத்தும் காரை ஒரு ஹெலிகாப்டர் பெரிய காந்தத்தால் அலேக்காகத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போடும். அதை வேறொரு காரில் இருக்கும் பாண்ட் சின்ன டிவித் திரையில் பார்ப்பார். திரையில் ஹெலிகாப்டர், காந்தம், கார் மூன்றும் தெரிகின்றன. அப்படியானால் கேமராவை வைத்துக்கொண்டு எதிரே பறப்பது யார்?